நீதியரசர் ஓடுடைநம்பி தலையை இழுத்துக்கொண்ட வழக்கு

ஒரு காட்டில் செங்கண்ணி என்ற ஆள்காட்டிக் குருவிக்கு அநியாயம் நடந்தது. பாறைவெளியில் அவள் இட்டிருந்த நான்கு முட்டைகளையும் கொம்பன் யானை மிதித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். கீழ்மன்ற நீதிபதி முயலோ, கூழாங்கல் நிறத்தில் இருந்தது முட்டைகளின் குற்றமே என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது.

செங்கண்ணிக்கு வாதாடாவிட்டால் இரை செரிக்காது. மேல்முறையீடு செய்தாள். படிவம் மூன்று நகல் கேட்டார்கள், கொடுத்தாள். நசுங்கிய முட்டைகளின் அடையாள அட்டை கேட்டார்கள், அதற்கும் இரண்டு நாள் வரிசையில் நின்றாள். அடுத்த முட்டை இடுவதற்குள் கொம்பன் அந்தத் தடத்தில் நடக்கத் தடை வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. வயிறு ஏற்கெனவே கனக்கத் தொடங்கியிருந்தது.

எட்டுக் காடுகளுக்கும் பொதுவான மேல்முறையீட்டு மன்றத்தில் வீற்றிருந்தவர் ஓடுடைநம்பி என்னும் ஆமை. பதவி ஆயுள்வரை என்று சட்டம் எழுதியவர்கள், ஆமைக்கு ஆயுள் எத்தனை என்று ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. முதல் வழக்கின்போது தலைக்கு மேல் ஒரு பருந்து பறக்க, பயந்துபோய் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சபை அதை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொண்டது. அந்த வாரமே பதவி உயர்வு. அன்றுமுதல், அவர் தலை உள்ளே போனால் தீர்ப்பு ஒத்திவைப்பு. அது வெளியே வரும்வரை அவர் இருக்கும் இடமே நீதிமன்றம். குறுக்கே கால் வைத்தால் அவமதிப்பு.

அவரிடம் தொழில் பழகியவர்கள் எட்டுக் காடுகளிலும் நீதிபதிகளானார்கள். ஓடில்லாத முயல், சிக்கலான கேள்வி வந்தால் கொட்டாங்குச்சியைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும். பாம்பு நீதிபதி, உரித்த சட்டைக்குள் மறுபடி நுழையப் போய் மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்தார்.

சம்பவ இடத்தைப் பார்வையிட ஓடுடைநம்பி பாறைவெளிக்கே புறப்பட்டார். வந்துசேர நாலு நாள். டவாலிக் காகம் இருதரப்பின் பெயரையும் மும்முறை கூவியது.

"பாத்தா கல்லு மாதிரி இருந்துச்சுங்க ஐயா," என்றான் கொம்பன். "கல்லை மிதிக்கிறது ஒரு குத்தமா?"

செங்கண்ணி முன்னால் வந்தாள். "நீங்களும் பார்க்கக் கல் மாதிரிதான் இருக்கீங்க ஐயா. நாளைக்கு உங்களை மிதிச்சா, குற்றம் உங்களுடையதா, காலுடையதா?"

சடக்கென்று தலை உள்ளே போய்விட்டது.

போனது கொம்பனின் தடத்துக்கு நட்டநடுவில். அதுவும் செங்கண்ணி முட்டையிடப் பறித்து வைத்திருந்த பள்ளத்தின் மேலேயே. மூன்று நாள் அவள் ஓட்டைப் பார்த்து வாதாடினாள். நாலாம் நாள் வயிறு பொறுக்கவில்லை. ஓட்டின் நடுவே இருந்த பழைய பள்ளத்தில் நான்கு முட்டைகளையும் இட்டாள்.

காகம் பதறிப்போய் விதிப் புத்தகத்தைப் புரட்டியது. நீதியரசர் முதுகில் முட்டையிடக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்த கொம்பன், அவமதிப்புக்குப் பயந்து மலையைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போனான். நான்கு குஞ்சுகளும் பொரிந்தன. அடுத்த பருவம் அதே முதுகு, அதே நான்கு. அதற்கடுத்த பருவத்தில், அக்கம்பக்கத்து ஆள்காட்டிகள் முதுகில் இடம் கேட்டு டோக்கனோடு வரிசையில் நின்றன.

ஒருநாள் காலை தலை வெளியே வந்தது.

"தீர்ப்பு தயார். வாசித்து முடித்ததும் நான் கிளம்பவேண்டும்," என்றார் ஓடுடைநம்பி.

கொம்பன் மூன்று வருடச் சுற்றில் பாதியாக இளைத்திருந்தான். தனக்கு எதிராகவே இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் வாசித்துவிடுங்கள் என்று தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

செங்கண்ணி இருநூறு பக்க வாதத்தை மனப்பாடமாக வைத்திருந்தாள். முதுகின் மேல் இருந்த நான்கு முட்டைகளைப் பார்த்தாள். மறுநாள் பொரியவேண்டியவை. வாழ்நாளிலேயே முதன்முறையாகச் சுருக்கமாகப் பேசினாள்.

"வாதி தரப்பில் வாய்தா கேட்கிறோம், ஐயா."

நீதி: நீதிபதியின் வாயை நம்பாதே, முதுகை நம்பு.