வெளியே பூட்டு, உள்ளே நாங்கள்

சிக்கனம் என்கிற வியாதி எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வந்தது. ஆனால் அம்மை மாதிரி, அந்த ஒரு தடவையிலேயே தழும்பு வைத்துவிட்டுப் போய்விட்டது. இன்றைக்கும் உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தால், எதிர்வரிசையில் யாராவது இரண்டு பேர் என்னைப் பார்ப்பார்கள், பிறகு குனிந்து இலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சொல்லிக்கொண்டு திரிகிற கதையில் பாதி பொய். நிஜக்கதையை நானே சொல்லிவிடுகிறேன். அது அதைவிட மோசம்.

அப்போது மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியிருந்தோம். நானும் என் மனைவி கனகமும்தான். நான் பீச் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்லி, கம்பெனி எங்கள் சம்பளத்தில் கை வைத்தது. (உலகத்தில் வியாபாரம் படுத்ததற்கு நான் என்ன பண்ணினேன் என்று துரையைக் கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்டால் மீதியும் படுத்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.) அந்தச் சமயம் பார்த்துக் கனகம் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். வழக்கப்படி தாய்வீட்டுக்குப் போக வேண்டியவள். ஆனால் அவளுக்குத் தாயும் இல்லை, தாய்வீடும் இல்லை. என் அம்மாவும் காலமாகிவிட்டாள். ஆக, பிரசவம் எங்கள் வீட்டில்தான். மருத்துவச்சி, மருந்து, பத்தியம், பால் எல்லாவற்றுக்கும் பணம் சேர்த்தாக வேண்டும்.

சேர்ப்பது என்று முடிவு செய்ததும் எனக்கு ஏதோ கவர்னர் உத்தியோகம் கிடைத்துவிட்ட மாதிரி மிடுக்கு வந்துவிட்டது. டிராம் கிடையாது, நடை. இரண்டாவது காபி கிடையாது. பத்திரிகை எதிர்வீட்டு நாயுடு படித்து முடித்த பிறகு ஓசியில். ராத்திரி விளக்கு ஒன்றே ஒன்று. நான் எந்த அறையில் இருக்கிறேனோ அந்த அறையில். நடந்து நடந்து செருப்பு தேய்ந்து புதுச் செருப்பு வாங்கியது டிராம் செலவைத் தாண்டிவிட்டது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஏழாம் மாத வளைகாப்பையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ‘யாரைக் கூப்பிட்டு யார் செய்யப் போகிறார்கள், வீண் செலவு’ என்றேன். கனகம் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்கு அது சம்மதமாகவே காதில் விழும். அந்த வயதில் காது அப்படி.

பங்குனி பிறந்தது. பங்குனி என்றால் கபாலீசுவரர் உற்சவம். உற்சவம் என்றால் காஞ்சிபுரத்து அத்தை. என் அப்பாவின் தங்கை தனபாக்கியம், வருஷா வருஷம் அறுபத்துமூவர் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவாள். தனியாக வரமாட்டாள். பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள், போதாக்குறைக்கு அடுத்த வீட்டில் யாராவது ‘நானும் பட்டணம் பார்த்ததில்லை’ என்றால் அவர்களும். கொடியேற்றத்தன்று வந்தால் உற்சவம் முடிந்துதான் ரயில் ஏறுவார்கள். அத்தனை நாளும் நான் மாடிப்படியில் படுத்துத் தூங்குவேன். ஒரு மாத மளிகை ஒரு வாரத்தில் காணாமல் போகும். அத்தை சாப்பிட்டுக்கொண்டே, சாம்பாரில் புளி தூக்கல் என்பாள். தூக்கல் என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்பாள்.

செலவுகளைக் குறைக்க இனி என்ன பாக்கி என்று ஒரு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கனகம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “மனுஷங்கதான் பாக்கி. அவங்களையும் குறைச்சிடுங்க” என்றாள்.

அவள் குத்திக்காட்டினாள் என்பது எந்த முட்டாளுக்கும் புரிந்திருக்கும். எனக்கு அது யோசனையாகப் பட்டது.

திட்டம் சுலபம். உற்சவத்துக்கு முன்னால் நாங்கள் திருத்தணிக்குப் போய்விட்டோம். அதாவது, போகிறோம் என்று நாயுடுவிடம் சொல்லி வைத்தேன். வாசல் கதவில் பெரிய திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன். (சிக்கனத்துக்காக வாங்கிய அந்தப் பூட்டின் விலையை மட்டும் கேட்காதீர்கள்.) பூட்டிவிட்டு, பின்பக்கத்துச் சந்து வழியாக வந்து கொல்லைக் கதவில் நுழைந்துவிட்டேன். அந்தச் சந்து கக்கூஸ் அள்ளுகிறவர்கள் வருகிற சந்து. கௌரவமான மனிதன் எவனும் அதில் கால் வைக்கமாட்டான். அதனால்தான் அதை நம்பினேன்.

சொந்த வீட்டில் திருடன் மாதிரி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தால்தான் தெரியும். பங்குனி வெயிலில் ஜன்னல் கதவெல்லாம் சாத்தியாயிற்று. புகை தெரியக்கூடாது என்று விடிவதற்குள் சமையல். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கும் என்று தாளிதம் கிடையாது. தும்மல் வந்தால் தலையணையில் தும்ம வேண்டும். வாசலில் நாகஸ்வரமும் தவிலும் போகும். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, இது அதிகார நந்தி, இது ரிஷப வாகனம் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்போம். கனகம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பாள். நான் விசிறுவேன். விசிறி மட்டை கிரீச்சென்று சத்தம் போட்டால் அதையும் நிறுத்திவிடுவேன்.

ஒரு நாள் அவள் ரகசியக் குரலிலேயே, “எனக்கு வலி எடுத்தா பக்கத்துல யாருங்க இருப்பாங்க?” என்று கேட்டாள்.

“நான் இருக்கேனே” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பயம். முதல் பிரசவம், சொல்லித் தர ஒரு பொம்பளை இல்லை, பயமில்லாமல் என்ன செய்யும்? நான் பயத்துக்கும் பணம் சேர்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முழுகாமல் இருப்பதை அத்தைக்குக்கூட எழுதவில்லை. எழுதினால் முன்னாடியே வந்து உட்கார்ந்துகொள்வாள் என்று பயம் எனக்கு.

கொடியேற்றத்தன்று அத்தை வரவில்லை. அறுபத்துமூவரன்று மத்தியானம். வீதியில் எள் போட்டால் எள் விழாது. மோர்ப் பந்தல், பொம்மைக் கடை, வளையல்காரர்கள், பலூன். வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்ற சத்தம் கேட்டது. வண்டிக்காரன், “இன்னாம்மா, வூடு பூட்டிக்கீதே” என்றான். நான் வெற்றி வீரனாகக் கனகத்தைப் பார்த்துச் சிரித்தேன். கூட்டம் கூட்டமாக இறங்குகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு ஆள் இறங்கிய சத்தம்தான் கேட்டது.

எதிர்வீட்டு நாயுடு, பாவம், நான் சொல்லி வைத்த பொய்யை நம்பி ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். அத்தை போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் ஒரு பலகை. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

நாயுடுவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. பட்டு விற்க மயிலாப்பூருக்கு வந்துபோன ஆள் ஒருவன் சொல்லித்தான் கனகத்தின் சமாசாரமே அவளுக்குத் தெரியுமாம். என் சம்பளத்தை வெட்டியதையும் அவன் சொல்லியிருக்கிறான். அதனால் இந்த வருஷம் வீட்டில் ஒருத்தரையும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம். ஜட்காவில் ஒரு மூட்டை அரிசியும் பிரசவ மருந்துச் சாமானும் கொண்டு வந்திருக்கிறாளாம். குழந்தை பிறந்து எழுந்து நடமாடுகிற வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கொள்ளத்தான் வந்தாளாம்.

(இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் ஒன்றுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே உற்சவச் செலவு முழுக்க மிச்சமாகியிருக்கும்.)

“தாயில்லாப் பொண்ணுங்க அது” என்று அத்தை சொன்னாள். “கையில நாலு வளையல் போட்டுவுட ஆளு இல்ல. அதான் வாங்கினு வந்தேன். இந்த வயித்தோட அவள எங்க இட்டுனு போனான், தெரியலயே.”

நான் கனகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. நான் உதட்டில் விரலை வைத்து, பொறு, பொறு என்று சைகை காட்டினேன். என் மூளையில் அவசரமாக இன்னொரு திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. பெட்டி படுக்கையோடு சந்து வழியாக வெளியே போய், திருத்தணியிலிருந்து இப்போதுதான் வருகிற மாதிரி முன்வாசலில் வந்து இறங்கிவிடலாம் என்பது அந்தத் திட்டம். கனகம் காத்திருக்கவில்லை. எழுந்து போய்க் கதவில் இரண்டு கையையும் வைத்து, “அத்தே, நான் உள்ளதான் இருக்கேன்” என்றாள்.

வெளியே பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அத்தையின் குரல் மாட வீதி நான்குக்கும் கேட்டது.

“ஐயோ, புள்ளத்தாச்சிய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டான்யா பாவி.”

நான் சாவியை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக ஓடினேன். சந்து வழியாக மாட வீதிக்குள் நுழைந்ததுதான் தெரியும். நாயன்மார் பல்லக்குகள் வந்துகொண்டிருந்த சமயம். கூட்டம் என்னை அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. என் வீடு எனக்கு எதிரிலேயே வந்தது, எனக்குப் பக்கத்தில் வந்தது, என்னைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. நான் சாவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழி விடுங்கள், வழி விடுங்கள் என்று கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் நானும் ஏதோ பக்தியில்தான் கையைத் தூக்குகிறேன் என்று நினைத்து, அவர்களும் கையைத் தூக்கி நமசிவாய சொன்னார்கள். குளக்கரை வரைக்கும் போய்த்தான் கால் தரையில் பட்டது. ஒரு செருப்பு போயிருந்தது. புதுச் செருப்பு.

வேறு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு நான் திரும்பி வந்து சேர்ந்தபோது என் வீட்டுக்குக் கதவு இல்லை. பந்தல் போட வந்த ஆட்கள் கடப்பாரையோடு வந்து நெம்பியிருக்கிறார்கள். திண்டுக்கல் பூட்டு மசியவில்லை. கதவு மசிந்துவிட்டது. பூட்டு பூட்டியபடியே, பெயர்ந்த கதவில் தொங்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே நுழையப் போனேன். முன்பின் தெரியாத ஆள் ஒருவன் கையை நீட்டித் தடுத்தான்.

“எங்க நைனா போறே? உள்ள பொம்பளைங்க வளையல் அடுக்கிகினு கீறாங்க.”

“இது என் வீடுய்யா” என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஒற்றைச் செருப்பு, கிழிந்த சட்டை, கையில் சாவி. “அப்ப பூட்டினது நீதானா?” என்று கேட்டான். நான் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான், அவன் அடுத்தவனிடம் சொன்னான். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு என்னை யாரும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடத்து நடுவில் மணையில் கனகம். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். நாயுடு வீட்டு அம்மாள், மோர் குடிக்க ஒதுங்கிய பெண்கள், உற்சவம் பார்க்க எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள், ஒவ்வொருவராகக் குனிந்து அவள் கன்னத்தில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார்கள். வாசலில் போன வளையல்காரரைக் கூடையோடு உள்ளே கூப்பிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் அத்தை வளையல் வழங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் என்னுடைய அரிசி பொங்கிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு என்று நான் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பெரிய பங்கு அன்று ஒரே மாலையில் மயிலாப்பூர் சாப்பிட்டுவிட்டது. கனகம் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. அவளை எவ்வளவு தனியாக விட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாரும் போன பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டாள். அடிப்பாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“ஏன்டா, கையில காசு இல்லன்னா, இந்த வருஷம் வராத அத்தேன்னு ஒரு கார்டு போட்டா நான் கோச்சிக்கப் போறனா? எங்கண்ணன் புள்ளைக்கு அந்த உரிமைகூட எங்கிட்ட இல்லயா?” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாம்பாரில் புளி தூக்கல் என்று கனகத்திடம் சொன்னாள்.

பிரசவத்தில் கனகம் ரொம்பக் கஷ்டப்பட்டாள். இரண்டு நாள் வலி. அந்த இரண்டு நாளும் அத்தை அவள் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. நான் வாசலில் நின்றேன். ‘நான் இருக்கேனே’ என்று சொன்னவன், உள்ளே ஒரு முனகல் கேட்டால் எதிர்வீட்டுக்கு ஓடினேன். பெண் குழந்தை. அத்தை அந்த வருஷம் ஆடி வரைக்கும் இருந்துவிட்டுப் போனாள். ரயிலேற்றிவிட்டு வந்து வெற்று வீட்டைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன்.

அதன் பிறகு எங்கள் உறவில் யார் வீடு பூட்டியிருந்தாலும் ஒருத்தரும் அதை நம்புவதில்லை. பூட்டைப் பார்த்து, “உள்ளதான் இருப்பாங்க, நல்லா கூப்பிடு” என்பார்கள். போன வருஷம் நானும் கனகமும் சத்தியமாகத் திருப்பதிக்குப் போயிருந்தோம். மொட்டைத் தலையோடு திரும்பி வந்தால், வீட்டுக்குள் விளக்கு எரிகிறது, கடுகு வெடிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்கிறது. காஞ்சிபுரத்துக் கூட்டம் முதல் நாளே வந்து, கொல்லைச் சுவரேறிக் குதித்து, சமைத்துச் சாப்பிட்டு, எங்களுக்கும் சேர்த்து உலை வைத்திருந்தது. அத்தையின் பேரன் ஒருவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

“எங்க மாமா ஒளிஞ்சிகினு இருந்தீங்க? பரண் மேலகூட ஏறிப் பாத்தோமே.”