1904-இல் முடிந்துபோன குத்தகை

வருஷத்தைச் சுருக்கிச் சொன்னால் சண்டைக்கு வருகிற மனிதர், எனக்குத் தெரிந்து தஞ்சாவூரில் 'நாலிலக்கம்' ஒருவர்தான். "எனக்கு எழுபத்தெட்டுல கல்யாணம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "எந்த நூற்றாண்டுலங்க?" என்று மடக்குவார். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். கம்ப்யூட்டருக்கும் மரியாதை உண்டு. "அவங்க சூடா இருக்காங்க, ஃபேனைப் போடுங்க" என்பார். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை.

நான் அப்போது ஒரு தனியார் அறக்கட்டளையின் நில ஆபீஸில் டைப்பிஸ்ட். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து வயல்களைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அந்த விவரமெல்லாம் ஏறியிருந்த பழைய புரோகிராம், வருஷத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் தானாகவே பத்தொன்பதைப் போட்டுக்கொள்ளும். இரண்டாயிரம் பிறப்பதற்குள் மாற்றிவிடலாம் என்று நாலிலக்கம் தொண்டை வற்றக் கத்தினார். மேனேஜர் சிரித்தார்.

1999 மார்கழியில் அந்தப் புரோகிராம் தன் வேலையைக் காட்டியது. 2004 வரை ஓட வேண்டிய குத்தகைகளை 1904 என்று படித்து, 'குத்தகை முடிந்தது, நிலத்தை ஒப்படைக்கவும்' என்று நோட்டீஸாக அடித்துத் தள்ளியது. மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை வாசலில் கொடிகளோடு கூட்டம். முன்னால் அஞ்சலை, பக்கத்தில் அவள் அப்பா மாரிமுத்து.

"தொள்ளாயிரத்தி நாலுல எங்கப்பாவே பொறக்கலீங்க! கதிரு பால் புடிக்கிற நேரத்துல வயலை விட்டு எறங்குன்னா எங்கங்க போறது?" என்றாள் அஞ்சலை.

மேனேஜர் கதவைத் தாழிட்டார். "போன நோட்டீஸ் போனதுதான். மெஷின் சொல்லுது, நாம என்ன பண்றது?" அந்த நிலங்களை விற்க அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஒரு கல் வந்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது.

நான் போன் பண்ணியிருந்ததால் நாலிலக்கம் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தார். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார். ஐம்பதுக்குக் கீழே உள்ள எண்ணுக்கு முன்னால் இருபது, மற்றதற்குப் பத்தொன்பது என்று புரோகிராமை மாற்றினார். முதலில் மாரிமுத்துவின் பெயரைத் தட்டினார். குத்தகை 2004 என்று சரியாக வந்தது. கீழேயே இன்னொரு வரி: 'குத்தகைதாரர் மைனர். செல்லாது.' 1921-இல் பிறந்தவரை அது 2021-க்குத் தள்ளிவிட்டிருந்தது.

வெளியே கதவை இடித்தார்கள். நாலிலக்கம் உடைந்த ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"பெரியவரே, உங்களை மைனர்ங்கிறாங்க!"

மாரிமுத்து வெட்கத்தோடு துண்டைச் சரிசெய்துகொண்டார். "அதெல்லாம் அந்தக் காலத்துல தம்பி. இப்ப எங்க!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் நாலிலக்கம் பிறந்த வருஷத்துக்குத் தனி விதி எழுதி முடித்துவிட்டார்.

மேனேஜர் பிரிண்டர் சுவிட்சில் கையை வைத்தார். "புது நோட்டீஸ் வேணாம்."

நாலிலக்கம் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். "நோட்டீஸ் தப்புங்க. உங்க குத்தகை ரெண்டாயிரத்தி நாலு வரைக்கும் இருக்கு. வரிசையா வாங்க, புதுசு வாங்கிட்டுப் போங்க."

வாசல் நிறைய முகங்கள். மேனேஜர் கை தானாக இறங்கியது. நான் அடிக்க அடிக்க, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். கடைசித் தாளில் போட்டுவிட்டு, "இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றார் நாலிலக்கத்திடம்.

எதிர்க் கடையில் டீ சொன்னோம். நாலிலக்கத்தால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கைகளும் அப்படி நடுங்கின. நான் பார்க்காததுபோல, "சூடா இருக்குங்க, ஆத்தித் தரேன்" என்று வாங்கி, அவர் கை நிற்கும்வரை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.