போலீஸ் வேனும் ஆட்டுரலும்

சட்டம் என்று சொல்லிவிட்டால் எந்தப் பெண்பிள்ளையும் வாயை மூடிக்கொள்வாள் என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழிந்த பிறகும் அப்படி நம்பினேன் என்றால் என் புத்தியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பேர் பகவதிப்பெருமாள். ஊர் பூதப்பாண்டிப் பக்கம். பிழைப்பு திருவனந்தபுரத்தில், போலீஸ் கான்ஸ்டபிள். படிப்பு மூன்றாம் கிளாஸ். அதிலும் பாதி நாள் வாத்தியாருக்கு வெற்றிலை வாங்கப் போனேன். என் சம்சாரம் சொர்ணம்மாள் பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்ததில்லை. அதனால் அவள் மூளை கெடாமல் புதுசாகவே இருந்தது.

போலீஸ் லைனில் எங்களுக்கு ஒரு வீடு. வெளியே நான் சர்க்கார் ஆள். உள்ளே சொர்ணத்தின் ஆள். விடியுமுன் கிணற்றில் தண்ணீர் கோர வேண்டும், விறகு பிளக்க வேண்டும், பிறகு பையைத் தூக்கிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு ஓட வேண்டும். இதெல்லாம் முடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே வேலை, வாரத்தில் பாதி நாள் ராத்திரி பாரா நடை வேறு. எனக்கோ இரண்டு உள்ளங்காலிலும் ஆணி. கோட்டையை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் சொர்க்கம் நரகம் இரண்டையும் பார்த்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் புதுச் சட்டம் வந்தது. யுத்தம் தொடங்கின வருஷம். அதுவரை ஓட்டத் தெரியும் என்று எவன் சொன்னானோ அவன் கையில் சாவி. இனிமேல் அப்படி ஆகாது. போலீஸ் வண்டி ஓட்டுகிறவன் முறைப்படி பயிற்சி எடுக்க வேண்டும். பரீட்சையில் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தவன்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம். என் பேரையும் சேர்த்தார்கள். ஜெயித்தால் உட்கார்ந்த இடத்தில் வேலை. தோற்றால் பழையபடி லத்தி, லாந்தல், ஆணிக்கால்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் சத்தியநேசன். நெய்யாற்றின்கரைக்காரர், முன்னே லாரி ஓட்டினவர். எங்கள் அடுத்த வீடுதான். காலையில் பரேடு மைதானத்துப் புளியமரத்தடியில் எங்களை நிற்க வைத்துச் சட்டத்தைச் சொல்லுவார். நாங்கள் கூடவே கத்த வேண்டும்.

"கள்ளனைப் பிடிக்கப் போற அவசரத்துல நல்லவன் மேல வண்டி ஏத்தப்பிடாது."

"ஏத்தப்பிடாது."

"வளைவுல ஹார்ன் அடிக்கணும். திரும்பினா கை காட்டணும். சர்க்கார் வண்டியில சொந்தச் சாமான் ஏத்தப்பிடாது."

"ஏத்தப்பிடாது."

கத்தக் கத்த எனக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. சட்டம் என்பது எவ்வளவு சுகமான சாமான். வாயால் சொன்னாலே நடக்கிறது. இதில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே தொடங்கினேன்.

"ஏட்டி சொர்ணம், நாளையிலேருந்து நான் தண்ணி கோரப்பிடாது."

"ஏன், கிணறு வத்திப்போச்சா?"

"சட்டம். டிரைவர் படிக்கிறவன் கயிறு இழுத்தா கை காய்ச்சுப்போகும். காய்ச்ச கையில ஸ்டியரிங் வழுக்கும். வழுக்கினா வண்டி ஆளு மேல ஏறும்."

"அட பாவமே. யாரு மேல?"

"யாரு மேலயானாலும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சர்க்காரு சொன்னா பின்ன என்ன செய்யியதுக்கு. நானே கோருகேன்."

எனக்கே நம்ப முடியவில்லை. மறுநாள் இன்னொன்று எடுத்துவிட்டேன்.

"கடைத்தெருவுக்கும் போகப்பிடாதாம்."

"அது எதுக்கு?"

"அங்க ஒரே இரைச்சல். காது கெட்டுப்போகும். டிரைவருக்கு ஹார்ன் சத்தம் கேக்கணும்லா?"

"ஹார்ன் அடிக்கது நீங்கதானே?"

"அடிச்சது கேட்டுதான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அதற்கும் தலையை ஆட்டினாள். குளிர் விட்டுப்போயிற்று எனக்கு. மூன்றாம் நாள் பெரிய சட்டத்தையே கொண்டுவந்தேன்.

"டிரைவரைக் காலையில ஏசப்பிடாது. மனசு கலங்கினா வண்டி கலங்கும்."

"சாயங்காலம் ஏசலாமா?"

"சாயங்காலமும் பிடாது."

"ஞாயித்துக்கிழமை?"

"சட்டத்துக்கு ஞாயித்துக்கிழமை உண்டா?"

"சட்டம்னா சட்டந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் குரலில் ஒரு பணிவு இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத பணிவு. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

கொஞ்ச நாள் ராஜயோகம். வெயில் வயிற்றில் விழும் வரை தூங்கினேன். காப்பி கட்டிலுக்கே வந்தது. சொர்ணம் தண்ணீர் கோரினாள், விறகு பிளந்தாள், மூச்சு விடவில்லை.

ஆனால் மைதானத்தில் யோகம் வேறு மாதிரி இருந்தது. அந்த வேனின் ஸ்டியரிங்கைத் திருப்புவது தேர் திருப்புகிற மாதிரி. சும்மா கிடந்து சோம்பின கை. ஒரு நாள் வளைவில் நான் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்க் குதிரைலாயத்து வைக்கோற்போருக்குள் நுழைந்து நின்றது. வைக்கோலை விலக்கிக்கொண்டு சத்தியநேசன் வெளியே வந்தார்.

"ஓய் பெருமாளே, இது கையா, முருங்கைக்காயா? பரீட்சையில இப்படித் திருப்பினீருன்னா நடையைக் கட்ட வேண்டியதுதான், கேட்டோ."

வீட்டுக்கு வந்து சொர்ணத்திடம் சொல்லி அழாத குறை. அவள் கைக்கு எண்ணெய் தடவினாள். "கவலைப்படாதேயுங்கோ" என்றாள். மறுநாள் விடியக்காலம் என்னைத் தட்டி எழுப்பினாள்.

"கேட்டேளா, அம்மிணி ஒரு சட்டம் சொன்னா."

அம்மிணி என்பது சத்தியநேசன் சம்சாரம். மலையாளம் பேசுகிறவள். சொர்ணத்துக்குக் கிணற்றடிக் கூட்டாளி.

"என்ன சட்டம்?"

"கையில பெலம் இல்லாத டிரைவர் தினமும் விடியக்காலம் ஆட்டுரல்ல மாவு ஆட்டணுமாம். குழவியச் சுத்துகது வலது கைக்கு. அது ஸ்டியரிங்கு. மாவத் தள்ளி விடுகது இடது கைக்கு. அது கியராம். உங்களுக்குச் சொல்லல்லியா? கிளாஸ்ல தூங்கிட்டேளா?"

இப்படி ஒரு சட்டம் கிடையாது என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கிடையாது என்றால், வா அம்மிணியிடமே கேட்போம் என்பாள். அம்மிணியிடம் போனால் ஒன்றோடு நிற்குமா? கயிறு, காது, ஏச்சு எல்லாம் வெளியே வரும்.

"ஆமா, உண்டு. மறந்துபோச்சு" என்றேன்.

ஊறவைத்த அரிசியும் உளுந்தும் ஏற்கெனவே உரல் பக்கத்தில் தயாராக இருந்தன.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அன்றைக்கு மைதானத்தில் சத்தியநேசனைத் தனியாகப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, மாவு ஆட்டுகது சட்டத்துல உண்டா?"

அவர் புளியமரத்தின் உச்சியைப் பார்த்தார்.

"உண்டு."

"எந்த இடத்துல வருகு?"

"கடைசியில வரும். நிறையக் கேக்காதேயும் வேய்."

அவருடைய முழங்கையில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்குத் தினமும் விடிந்ததே உரலடியில்தான். சொர்ணம் காலை நீட்டி உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே பாடம் நடத்துவாள். "வளைவு வருகு, மெதுவா. இப்ப நேர் ரோடு, வேகம்." மதிலுக்கு மேல் அம்மிணியின் தலை தெரியும்.

"அண்ணா, வளைவுல ஹார்ன் அடிக்கணும். சட்டமாக்கும்."

"உரல்ல ஹார்ன் எங்கம்மா இருக்கு?"

"வாய் இல்லியோ?"

பாம் பாம் என்று கத்திக்கொண்டே ஆட்டினேன். கோழிகள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. அதே நேரத்தில் அடுத்த வீட்டுப் பின்கட்டிலிருந்தும் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். அண்ணாச்சி தொண்டையைக் கனைக்கிறார் என்று எண்ணிக்கொள்வேன்.

மாவும் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போனது.

"ரெண்டு பேருக்கு எதுக்குட்டி இவ்வளவு?"

"வேன்ல நீங்க ஒருத்தரா போவேள்? பின்னால ஒரு பட்டாளம் போலீசு ஏறும்லா? பாரம் இழுத்துப் பழக வேண்டாமா?"

ஆட்டின மாவு எங்கே போகிறது என்று கேட்டதற்கு, "சர்க்கார் விஷயம், கேக்கப்பிடாது" என்றாள். ஆட்டின மாவில் பாதிக்குத் தகுந்த இட்டிலிகூட என் இலைக்கு வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பரீட்சை நாள் வந்தது. பரீட்சை எடுக்க வந்த இன்ஸ்பெக்டர் ஏமான் வேனில் ஏறினதும் வேன் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் என் பக்கத்தில். சத்தியநேசன் பின்னால்.

"முன்னால கோயில் ஆறாட்டு ஊர்வலத்துல யானை போகுது. யானைக்கும் முன்னால கள்ளன் ஓடுதான். நீ என்ன செய்வே?"

"யானை போன பொறவு கள்ளனைப் பிடிப்பேன் ஏமானே."

"அதுக்குள்ள அவன் ஓடிப்போவானே?"

"போகட்டும் ஏமானே. யானை நம்மளப் பிடிச்சா அவன் வந்து விடுவிப்பானா?"

மீசைக்குள் சிரித்தார். வண்டியை எடுக்கச் சொன்னார். தம்பானூர் தாண்டினேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய் ஓடு ரோடெல்லாம் கிடந்தது. ஒன்றின் மேலும் டயர் படாமல் நெளித்து எடுத்தேன். கிழக்கேகோட்டை முக்கில் திரும்பும்போது எதிரே வைக்கோல் வண்டி. பழைய கையாக இருந்தால் மறுபடியும் வைக்கோலுக்குள் போயிருப்பேன். இப்போது ஸ்டியரிங் குழவி மாதிரி வழுவழுவென்று சுற்றியது. சுற்றின சுகத்தில் வாய் தானாகவே பாம் பாம் என்றது.

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வண்டியில ஹார்ன் இருக்குல்லா?"

"இருக்கு ஏமானே."

"பின்ன?"

"பழக்கம் ஏமானே."

சாலைக் கடைத்தெரு முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். திரவியத்தின் காப்பிக் கடை. எங்களுக்கும் இலை போட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு இட்டிலியை வாயில் போட்டார். கண்ணை மூடினார். அடுத்தது, அடுத்தது என்று போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஆப்பம் கேட்டார். அதற்கும் கண்ணை மூடினார்.

"திரவியம், பஞ்சு மாதிரி இருக்கே. யாரு ஆட்டின மாவு?"

"போலீஸ் லைன்லேருந்து வருது ஏமானே. ரெண்டு அம்மாமாரு விலைக்குக் கொடுத்து விடுகாங்க. இட்டிலி ஒரு வீடு, ஆப்பம் ஒரு வீடு."

"பெண்ணுங்க கையில இத்தனை பெலமா?"

"அவுங்க ஆட்டுகது இல்ல ஏமானே. ரெண்டு தடிப்பயலுவள வச்சிருக்காங்களாம். அதுல இட்டிலிக்காரன் ஆட்டும்போது பாம் பாம்ன்னு கத்துவானாம். கொஞ்சம் கிறுக்குன்னு கேள்வி."

சத்தியநேசனுக்கு ஆப்பம் தொண்டையில் அடைத்தது. நான் அவருடைய முழங்கையைப் பார்த்தேன். அவர் என் முழங்கையைப் பார்த்தார். சட்டத்தின் கடைசி இடம் எது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மீசை மட்டும் வெகுநேரம் ஆடியது. கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஜெயிச்சாச்சு. இந்தக் கை தப்பு செய்யாது. திரவியம், இனிமே ஞாயித்துக்கிழமை பரேடு முடிஞ்சா நம்ம ஆளுகளுக்கு இந்த இட்டிலி ஆப்பந்தான். அந்த அம்மாமாருகிட்ட சொல்லிரு. அவுங்களே செஞ்சு நேரே நம்ம போலீஸ் கேம்புக்கு அனுப்பட்டும்."

வீட்டுக்குப் போகும்போது பாதிச் சந்தோஷம், பாதிக் கோபம். சொர்ணம் சிறுபயற்றுப் பாயசம் வைத்திருந்தாள். ஜெயிப்பேன் என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

"ஏட்டி, திரவியம் எல்லாம் சொல்லிட்டான்."

"நல்லதாப் போச்சு. எனக்குச் சொல்லுக வேலை மிச்சம்."

"சட்டம்னு சொல்லி என்னை ஏமாத்தினியே."

"நீங்க சொன்னது மட்டும் எந்த சட்டம்? கயிறு இழுக்கப்பிடாதுன்னு சொன்னேளே, மறுநாளே கிணத்தடியில அம்மிணிகிட்ட கேட்டாச்சு. அவ சிரிச்ச சிரிப்புல வாளி கயிறோட உள்ள போயிட்டு. அவ வீட்டுலயும் ஒரு ஆளு சும்மா இருக்காருன்னு சொன்னா. சரின்னு ரெண்டு பேருமாச் சேர்ந்து ரெண்டு வீட்டுக்கும் ஒரு சட்டம் போட்டோம்."

"அன்னைக்கே எங்கிட்ட ஒரு ஏச்சு ஏசியிருக்கலாம்லா?"

"டிரைவரை ஏசப்பிடாதுன்னு சட்டம்லா?"

நான் பாயசத்தைக் குடித்தேன். வேறு என்ன செய்ய. பாயசமும் நன்றாக இருந்தது.

"கை பெலமாச்சா இல்லியா? இனி பாரா நடக்க வேண்டாம்லா?" என்றாள். அதுவும் நிஜந்தான். ஆணிக்கால் பிழைத்தது. அந்த நினைப்பில் நான் கொஞ்சம் இளகி, இன்ஸ்பெக்டர் போட்ட ஞாயிற்றுக்கிழமை உத்தரவையும் சொன்னபோது அடுத்ததை எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை இட்டிலிய உங்க வேன்லயே ஏத்திக் கேம்புக்குக் கொண்டு போயிருங்கோ."

எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. கடவுள் ஒரு சந்தர்ப்பம் கொடுக்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அது மட்டும் நடக்காது. சர்க்கார் வண்டியில சொந்தச் சாமான் ஏத்தப்பிடாது. இது நெசச் சட்டம். வேணும்னா அம்மிணிகிட்டயே கேளு."

அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். மெய் என்று கண்டுகொண்டாள். "அப்படியா. சட்டம்னா சட்டந்தான்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் பெரிய கூடையும் சும்மாடு சுருட்டப் பழந்துணியும் இருந்தன.

"அப்ப தலையில வச்சு நடந்தே போயிருங்கோ."

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வேன் புளியமர நிழலில் குளித்துத் துடைத்து நிற்கிறது. முன்னால் ஆப்பக் கூடையோடு சத்தியநேசன், பின்னால் இட்டிலிக் கூடையோடு நான். கேம்புக்கு வலது பக்கம் திரும்பும்போது முறைப்படி கை காட்ட வேண்டும். கூடையிலிருந்து கையை எடுக்க முடியாததால் பாம் பாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.