கோழி போட்ட ஓட்டு

ததேயுஸ் சார் முடிவு கட்டிவிட்டார். இனி தம் வீட்டுக் கோழி பக்கத்து வீட்டு வைக்கோல்போரில் முட்டையிடாது. இட்டால் தாம் குழித்துறையில் விஞ்ஞானம் கற்பிக்கும் வாத்தியாரே இல்லை.

"நம்ம முட்டையை அடுத்த வீட்டு ஓமனா அவிச்சுத் திங்கா. நான் சும்மா கஞ்சி குடிக்கேன்!"

"ஒரு பெட்டியில கொஞ்சம் வைக்கோலைப் போட்டு வைங்க," என்றாள் மனைவி செசிலி.

"வைக்கோல்ல பேன் பிடிக்கும் ஏட்டி."

"மரத்தூள்?"

"கண்ணுல விழும்."

"தேங்காத் தும்பு?"

"குத்தும்."

"இலவம்பஞ்சு?"

"சூடு! கோழி வெந்து போவும்."

யோசிக்க யோசிக்க அவருக்குத்தான் தலை வெந்தது. அப்போது நாட்டின் முதல் பொதுத்தேர்தல் முடிந்த சமயம். வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வரிசையாக வைத்திருந்த வாக்குச்சாவடியில் வேலை பார்த்து வந்தவர் அவர். சட்டென்று துள்ளி எழுந்தார்.

"கோழியே ஓட்டுப் போடட்டும்! நாலு பெட்டி, நாலு சாமான். எதுல விடாம முட்டையிடுதோ, அந்தச் சாமான் ஒரு சாக்கு வாங்குவேன். மாதாவாணை!"

"ஒரு சாக்கா?" என்றாள் செசிலி. கலியாணமான நாள் முதல் ஒரு மெத்தை கேட்டு, 'பாய்தான் முதுகுக்கு நல்லது' என்ற விஞ்ஞானத்தை மட்டுமே பெற்றவள் அவள்.

மறுநாள் முட்டை பஞ்சுப் பெட்டியில் கிடந்தது. அதற்கடுத்த நாளும் பஞ்சு. வாரம் முழுக்கப் பஞ்சு.

"சூடாச்சே! எப்படிப் பிடிச்சுது?" சாருக்குப் புரியவில்லை. புரியாமலே தினமும் முட்டையைப் பொரிக்கச் சொல்லித் தின்றார். சொன்ன சொல் தவறாமல் சந்தையிலிருந்து ஒரு சாக்குப் பஞ்சும் வாங்கிப் போட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், முற்றத்தில் ஒருவன் மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறான். கோழியோ வைக்கோல் பெட்டியில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது.

"செசிலி! கோழி ஏன் கட்சி மாறிச்சு?"

கேட்டபடியே கோழியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு முட்டை. அதன் பக்கத்தில் முட்டை போலவே வழுவழுவென்று ஒரு வெள்ளை ஆற்றுக்கல்.

"இது என்னது?"

"முட்டை மாதிரி ஒண்ணு கிடந்தா கோழி அங்கதான் போய் இடும். எங்க வீட்டுல எல்லாரும் செய்யதுதான். இம்புட்டு நாளும் பஞ்சுல கிடந்துது. அந்தப் பஞ்சும் மெத்தைக்கு வேணும்லா, அதான் வைக்கோலுக்கு மாத்தினேன்."

"அப்போ அம்புட்டும் கள்ள ஓட்டா? இந்தத் தேர்தல் செல்லாது! திருப்பி எண்ணணும்!"

"எங்கேருந்து எண்ணுவிய? ஓட்டு எல்லாத்தையும் பொரிச்சுத் தின்னது நீங்கல்லா?"