பெருநகர வாழ்க்கைக்கு ஓர் ஒத்திகை

ஒரு குடும்பம் ஊர் மாறுவதற்கு ஒரு லாரியும் நாலு கயிறும் போதும் என்று மக்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் துறை அப்படி நம்பவில்லை.

எங்களுடையது நில வரைபடத் துறை. பழைய வரைபடங்களைச் சுருட்டித் தகரக் குழாய்களுக்குள் பத்திரப்படுத்துவதும், யாராவது கேட்டால் இல்லை என்று சொல்வதும் எங்கள் பணி. பூச்சி உருண்டை வாசனை சட்டையோடு வீடு வரைக்கும் வரும். அந்த வாசனையிலேயே பாதி ஆயுளைக் கழித்த பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. ரயிலில் ஒன்றரை நாள் தள்ளியிருக்கும் பெருநகரத்தில் வேலை. அங்கே தண்ணீரைத் தவிர எல்லாம் விலை அதிகம் என்றும், தண்ணீர் கிடைப்பதே இல்லை என்றும் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் திட்டமிடுதல் ஒரு நாகரிகமாக ஊருக்குள் நுழைந்திருந்தது. அலுவலகத்து இளசுகள் டீ குடிக்கக்கூட பட்ஜெட் போட்டார்கள். வழியில் பார்த்தால் 'சௌக்கியமா' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'அவசரகால நிதி வெச்சிருக்கீங்களா' என்று கேட்டார்கள். துறைக்கும் அந்தக் காற்று அடித்தது. இடமாற்ற ஆயத்தப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் திறந்து, அதற்கு ஓர் அதிகாரியையும் போட்டார்கள். எதைக் கேட்டாலும் "பின்னிணைப்புல இருக்கு" என்பார். அதனால் அவருக்குப் பின்னிணைப்பு என்றே பெயராகிவிட்டது.

பின்னிணைப்பு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தனியா போறீங்களா, குடும்பத்தோடயா?"

"குடும்பத்தோட சார். சம்சாரம், ஒரு பொண்ணு."

"அப்போ ஒத்திகை பார்க்கணும். வாழ்நிலை ஒத்திகை."

"புரியல சார்."

"போன வருஷம் அங்க போனவங்கள்ல பாதிப் பேர் கடன் வாங்கிட்டு, திரும்ப இங்கயே போடுங்கன்னு அழுதாங்க. அதனால இனிமே இங்கயே மூணு மாசம் அந்த ஊர் விலையில வாழ்ந்து காட்டணும். தேறிட்டா லாரிச் செலவு, குடும்பக் குடியிருப்பு எல்லாம் உண்டு. ஒத்திகையில கூடுதலாச் செலவானதும் திரும்பக் கிடைக்கும். தேறலேன்னா நீங்க மட்டும் போய் ஆம்பளைங்க விடுதியில தங்கிக்கலாம்."

"அந்த ஊர் விலையில வாழறதுன்னா?"

"கடைக்காரர் பத்து கேட்டா நீங்க இருபத்தஞ்சு குடுக்கணும்."

"அந்தப் பதினஞ்சை உண்டியல்ல போட்டு வெச்சா ஆகாதா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்ககிட்டயே இருந்தா அது சேமிப்பு. சேமிக்கிறதுக்கு எதுக்கு சார் ஒத்திகை? பணம் கையை விட்டுப் போகணும். அந்த வலிதான் பயிற்சி."

யோசித்துப் பார்த்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். அவள் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பாள்.

"நீங்க தனியா போய் இருப்பீங்களா? பால் பொங்கினா அடுப்பை அணைக்காம, 'பால் பொங்குது'ன்னு எங்கிட்ட வந்து அறிவிப்பு குடுக்குற ஆளு நீங்க."

"அங்க போனா அப்பா கடுதாசி போட்டு அறிவிப்பாரும்மா" என்றாள் மகள்.

"விடுதியும் வேணாம் ஒண்ணும் வேணாம். போனா மூணு பேரும் ஒண்ணாப் போறோம். அதுக்கு என்ன கூத்து அடிக்கணுமோ அடிப்போம்" என்று மனைவி முடிவு சொன்னாள்.

கூத்து மறுநாள் காய்கறிக் கடையில் தொடங்கியது. தக்காளி பத்து என்றார் கடைக்காரர். இருபத்தைந்தை நீட்டினேன். மீதியைக் கொடுத்தார். வாங்க மறுத்தேன்.

"ஏன் சார், கிழிஞ்ச நோட்டா குடுத்துட்டேன்?"

"இல்ல. இனிமே இதுதான் விலை."

"யாருக்கு?"

"எனக்கு மட்டும்."

அவர் தராசை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல அம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா சார்? ஒண்ணுமில்ல, சும்மா பேசத்தான்."

வீட்டுச் சொந்தக்காரர் இப்படியெல்லாம் சந்தேகப்படவில்லை. பெருநகர வாடகை இங்கே கொடுப்பதைப்போல மூன்று மடங்கு, அதைத்தான் நான் இனிமேல் கொடுத்தாக வேண்டும் என்று சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "விதின்னு ஒண்ணு இருந்தா நாம என்ன செய்ய முடியும்?" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஆனால் அந்த வாடகைக்குப் பெருநகரத்தில் ஓர் அறைதான் கிடைக்கும் என்று பின்னிணைப்பில் இருந்தது. அதிகாரியே அளவு நாடாவோடு வந்தார். முன்னறையை எங்களுக்கு ஒதுக்கி, மற்ற இரண்டு அறைகளையும் பூட்டினார். சாவியை நடுநிலையான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டுச் சொந்தக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போனார். பீரோ, கட்டில், அடுப்பு, மகளின் புத்தகங்கள், நாங்கள் மூவர். இரவில் ஒருவர் புரண்டு படுத்தால் மற்ற இருவரும் சேர்ந்து புரள வேண்டும்.

அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பெருநகரத்தில் அது நடக்காது என்பதால், தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் ஏறி ஊரை மூன்று தடவை சுற்றிவிட்டுத்தான் அலுவலகத்தில் இறங்கினேன். பாதி சீட் காலியாக இருக்கும். கண்டக்டர் முதல் வாரம் "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தால் ஒத்திகை செல்லாது. அடுத்த வாரம் அவருடைய மனைவிக்குத் தெரிந்த மூலவியாதி வைத்தியர் ஒருவரின் விலாசத்தைக் காதோடு காதாகச் சொன்னார்.

எல்லாவற்றையும்விட என் மனைவியை வாட்டியது பக்கத்து வீட்டு விஷயம்தான். பெருநகரத்தில் அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அதற்கும் பத்து மதிப்பெண் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் குழாயடியில் என் மனைவியை மறித்தாள்.

"அக்கா, என் மேல எதுவும் கோபமா?"

"கோபம் இல்லடி. பெருநகரம்" என்று சொல்லிவிட்டு, பேசியதற்கு மதிப்பெண் போய்விடுமே என்ற பயத்தில் பாதிக் குடத்தோடு உள்ளே ஓடி வந்துவிட்டாள்.

எங்கள் ஒத்திகை நன்றாக நடப்பதாகச் செய்தி பரவியதும் மற்ற துறைகளும் ஆசைப்பட்டன. வங்கிக்காரர்கள், தபால்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று வெளியூர் போக வேண்டியவர்கள் எல்லாரும் ஒத்திகையில் இறங்கினார்கள். ஒருநாள் காய்கறிக் கடையில் என் முன்னால் நின்ற நர்ஸ் அம்மா, "பத்துதானே?" என்று கேட்டாள்.

"இருபத்தஞ்சு."

"எப்போலேருந்து?"

"மேப் ஆபீஸ் சார் குடுக்குறாரு, பேங்க் சார் குடுக்குறாரு. அவங்க படிச்சவங்க. முட்டாளா?"

வரிசையில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இருபத்தைந்தை எடுத்து நீட்டினேன்.

தக்காளியைத் தொடர்ந்து பால் ஏறியது. முடி வெட்டுவதும் செருப்புத் தைப்பதும் ஏறின. வாடகை ஊர் முழுக்க ஏறியது. எங்கள் வீட்டின் பூட்டிய அறைகள் இரண்டும் சும்மாதானே கிடக்கின்றன என்று எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் நடுநிலையாக யோசித்து, அவற்றில் இரண்டு குடும்பங்களைக் குடிவைத்தார். ஊர் முதலில் எங்களை வைதது. பிறகு அதற்கு ஒரு மிடுக்கு வந்துவிட்டது. வெளியூர் உறவுக்காரர்களிடம், "எங்க ஊர்ல தக்காளி விலையைக் கேட்டா நீங்க மயக்கம் போட்டுருவீங்க" என்று சொல்லி, அவர்கள் மயங்குகிறார்களா என்று ஆவலோடு பார்த்தார்கள்.

மூன்று மாதம் முடிந்தது. இருந்த சேமிப்பும் முடிந்தது. மனைவியின் வளையல்கள் ஒத்திகையின் நடுவிலேயே போய்விட்டன. ஆனாலும் நாங்கள் மூட்டை கட்டி முடித்திருந்தோம். பின்னிணைப்பு முடிவோடு வந்தார். உள்ளே நிற்க இடமில்லாததால் வாசலிலிருந்தே வாசித்தார்.

"எல்லாத்துலயும் தேறிட்டீங்க. துறையிலேயே முதலிடம்."

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மகள் ஒரு மூட்டையை இடுப்பில் தூக்கியே விட்டாள்.

"ஆனா ஒத்திகை செல்லாது."

"ஏன் சார்?"

"விலைக் கணக்கெடுப்பு வந்திருக்கு. இந்த ஊரும் அந்த ஊரும் இப்ப ஒரே விலை. ஒரே விலையில இருக்குற ஊர்ல நீங்க ஒத்திகை பார்க்கல சார். சும்மா வாழ்ந்திருக்கீங்க. வாழறதுக்கெல்லாம் துறை பணம் குடுக்காது."

"கூடுதலாச் செலவானது?"

"எதைவிடக் கூடுதலா?"

மறுபடியும் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

"அப்போ எங்க அப்பா தனியாத்தான் போகணுமா?" என்றாள் மகள்.

"யாரும் போக வேணாம்மா. இந்த ஊரை முதல் நிலைப் பெருநகரமா வகைப்படுத்தியாச்சு. உங்கப்பா பெருநகரத்துல வேலை பார்க்கணும்னு உத்தரவு. அவர் இப்ப பெருநகரத்துலதான் இருக்காரு." என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "போய்ச் சேர்ந்துட்டதா ஒரு கையெழுத்து போடுங்க சார்."

"நான் கிளம்பவே இல்லையே."

"பயணக் களைப்பு மிச்சம்னு நினைச்சுக்கோங்க."

கையெழுத்துப் போட்டேன். ஊருக்கு வெளியே வரவேற்பு வளைவு கட்டினார்கள். அதில் முதல் நிலை என்று எழுதியிருந்தது. ஜனங்கள் குடும்பத்தோடு போய் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பதவி உயர்வில் ஏறிய சம்பளம் பால்காரரோடு தீர்ந்துபோனது. கட்டிய மூட்டைகளைப் பிரித்து வைக்க இடமில்லை. இரண்டு மாதம் பொறுத்த மனைவி, தன் அக்காள் இருக்கும் சிற்றூருக்குப் போய்விடலாம் என்றாள். அங்கே வரைபடத் துறைக்கு ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. எல்லாம் மலிவு. நான் இடமாற்றம் கேட்டு, கனிவான கவனத்திற்கு என்று எழுதி விண்ணப்பம் போட்டேன்.

"தாராளமாப் போகலாம். ஆனா அங்க விலை கம்மி. கம்மி விலையில உங்களால வாழ முடியுமான்னு இங்கயே வாழ்ந்து காட்டணும்" என்றார் பின்னிணைப்பு.

காய்கறிக் கடைக்குப் போனேன். இருபத்தைந்து என்றார். பத்தை நீட்டினேன்.

"என்ன சார் இது?"

"எனக்கு மட்டும் இனிமே இதுதான் விலை."

தக்காளியைப் பையிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக் கூடையில் போட்டார். வீட்டுச் சொந்தக்காரரிடம் மூன்றில் ஒரு பங்கு வாடகை என்று தொடங்கினேன். வாக்கியத்தை முடிக்க விடவில்லை. "விதியாவது ஒண்ணாவது. ஆபீஸ்ல சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டு ஆடுவீங்களா சார்?" என்றார். ஏறு ஒத்திகைக்கு ஊரே ஒத்துழைத்தது. இறங்கு ஒத்திகையில் இன்று வரைக்கும் எங்கள் துறையில் ஒருத்தரும் தேறியதில்லை.

கடைசியில் மனைவியும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். நான் பெருநகரத்துக்குத் தனியாகப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தோம். நானும் போகவில்லை. இருந்த இடத்திலேயே தனியாகிவிட்டேன், அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் மனைவி, "பால் பொங்கினா யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் மலிவான ஊருக்குப் போன செய்தி தெருவில் பரவியது. வாசலில் ஆள் மாற்றி ஆள் வந்து விலாசம் கேட்டார்கள். நர்ஸ் அம்மா, கண்டக்டர், பக்கத்து வீட்டுப் பெண். வீட்டுச் சொந்தக்காரர்கூட, "சும்மா ஒரு மாறுதலுக்கு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுப்பதில் எனக்கென்ன நஷ்டம் என்று எல்லாருக்கும் கொடுத்தேன்.

ஒரு வருஷம் கழித்து மனைவி போன் செய்தாள்.

"நம்ம தெருவே இங்க வந்து சேர்ந்துடுச்சுங்க. பழைய வீட்டு ஓனரும் வந்துட்டாரு."

"அவருமா? வாடகைக்கா இருக்காரு?"

"வாடகைக்கா? நாங்க குடியிருக்குற வீட்டை விலைக்கு வாங்கிட்டாரு. அடுத்த மாசத்துலேருந்து மூணு மடங்காம்."

"நீ என்ன சொன்னே?"

"அவ்வளவு முடியாதுன்னேன். உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமக் குடுத்தவராச்சேம்மான்னாரு."

பிறகு அவளே சொன்னாள்.

"அதோட முன்னறையில மட்டும் இருந்துக்கிட்டா போதுமாம். மத்த ரெண்டு ரூமையும் அவரே பூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. உங்க ஆபீஸ்லதான் கத்துக்கிட்டாராம், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."