ஆல்ட்டர் அண்ணனும் ஆகாயத்தாமரையும்

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்ததும் ஆல்ட்டர் அண்ணனிடம் ஒரு தடவை காட்டியிருந்தால், உலகம் இன்னும் ஷிப்மென்ட் ஆகியிருக்காது. மலை கோணல், கடலில் உப்பு அதிகம், கழுதைக்குக் காது பெரிசு என்று மனுஷன் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். இரண்டாயிரங்களில் நான் வேலை பார்த்த திருப்பூர் பனியன் கம்பெனியில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் ஃபைனல் செக்கிங் சூப்பர்வைசர். நாங்கள் மேஜையைச் சுற்றி நின்று டி-ஷர்ட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்போம். தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, 'ஆல்ட்டர்' என்று சொல்லித் தைத்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். நாங்கள் நல்ல பீஸ் என்று ஒதுக்கியதை அவர் இன்னொரு தடவை பார்ப்பார். அதில் பாதி திரும்பி வரும்.

மற்ற சூப்பர்வைசர்கள் ஸ்டிக்கரை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணன் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போவார். அங்கேதான் வந்தது வினை. மெஸ்ஸில் இட்லி ஒரு பக்கம் சரிந்திருந்தால் தட்டில் அம்பு. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சட்டையின் காலர் பிரிந்திருந்தது. பிரிந்த இடத்துக்குக் கீழே அம்பு. பாவம், பஸ் ஸ்டாண்டு வரை அதோடேயே டிக்கெட் கொடுத்தார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மீசை ஒரு பக்கம் தூக்கலாக இருப்பதைக் கண்டுபிடித்து, மேடையேறி வாழ்த்துகிற சாக்கில் தோளில் ஒட்டிவிட்டு இறங்கினார். அந்த ஆல்பத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் படத்திலும் அம்பு மீசையைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

நான் மட்டும் தப்பினேனா? தீபாவளிக்குப் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போன அன்றைக்கு, "மொகத்துக்குப் பவுடர் போட்டீங்க, களுத்து மறந்து போச்சுங்களா அம்மிணி?" என்று மொத்த மேஜைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். அன்று நான் மனதுக்குள் திட்டியதை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.

அவர் குறை சொல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது பனியன் துணி. கல்யாணமோ கருமாதியோ, டி-ஷர்ட்தான். பக்கத்திலேயே மங்கலத்தில் தறியில் நெய்கிற துணியை அவர் துணி என்றே ஒப்புக்கொண்டதில்லை. இழுத்தால் நீளாதது என்ன துணி, அது அட்டை என்பார்.

அதேபோல அவர் குறை காணாத கையும் ஒன்றுதான் இருந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் செல்வராணி அக்கா. அக்கா தைத்த பீஸை எத்தனை உருட்டினாலும் ஒன்றும் அகப்படாது. அந்த எரிச்சலில் அண்ணன் கூடுதலாக ஒரு டீ குடிப்பார்.

அக்கா, அண்ணன், நான் எல்லோரும் ஒரு குளத்துக் கரைக்குக் கீழே, லைன் வீடுகளில் குடியிருந்தோம். அதைக் குளம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கரைக்குக் கரை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. ஊதாப் பூவைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். ஒரு வருஷம் ஐப்பசி மழையில் அந்தச் செடி மொத்தமும் மிதந்து வந்து, உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலிங்கை அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் கரையைத் தாண்டி எங்கள் வீடுகளுக்குள் வந்தது. அக்கா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை கட்டில்மேல் நின்றார்.

அடுத்த ஆடியில் செடி முன்னைவிடத் தடித்து நின்றது. ஒரு நாள் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அண்ணனிடம் வந்தார். "இன்னொரு வாட்டி வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா ஊருக்கே போயிருதோம்ணே. புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க நிக்க?"

அண்ணன் சாயங்காலம் கரைமேல் நின்று குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழு ஷீட் ஸ்டிக்கரையும் எடுத்து, அங்கிருந்த வேப்பமரத்தில் ஒவ்வொன்றாக ஒட்டினார். எல்லா அம்புகளும் குளத்தைப் பார்த்திருந்தன.

வாரம் முழுக்க நின்று வேலை செய்கிற ஊரில் ஒருத்தருடைய ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் கை வைப்பது லேசான காரியமா? அண்ணன் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். வர முடியாது என்றவர் வீட்டுக் கதவில் அம்பு விழுந்தது. பிய்த்தால் மறுநாள் இன்னொன்று. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று கதவில் என்ன குறை என்று விசாரிக்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் தூக்கம் போய்விட்டது.

குளத்தை அவர் எக்ஸ்போர்ட் ஆர்டர் மாதிரியே நடத்தினார். தண்ணீரில் இறங்கிச் செடியை அறுக்கிறவர்கள் கட்டிங், கரைக்கு இழுக்கிறவர்கள் தையல் லைன், டெம்போவில் ஏற்றுகிறவர்கள் பேக்கிங். செக்கிங் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? இழுக்கக் கயிறு வேண்டுமே என்றதற்கு, "நம்ம துணிய உட ஒசத்தி எதுங்க?" என்று கம்பெனியில் கழித்துப் போட்ட பனியன் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். சாப்பாட்டு இடைவேளையிலெல்லாம் உட்கார்ந்து பெரிய வடமாகப் பின்னினோம்.

முதல் ஞாயிறு. தண்ணீரில் இருந்தவர்கள் செடித்திட்டைச் சுற்றி வடத்தைக் கட்டினார்கள். கரையில் நின்ற நாங்கள் பிடித்து இழுத்தோம். வடம் வந்தது. இன்னும் இழுத்தோம், இன்னும் வந்தது. கரையிறங்கி, வேப்பமரம் தாண்டி, டீக்கடை பெஞ்சு வரை இழுத்துக்கொண்டே போய்விட்டோம். குளத்தில் செடி ஓர் அடிகூட நகரவில்லை. பனியன் துணி நீளாமல் வேறென்ன செய்யும்? அதிலேயே பிழைக்கிற எங்களில் ஒருத்தருக்கும் அது முன்கூட்டித் தோன்றவில்லை. கடைசியில் குளத்துப் பக்கம் முடிச்சு அவிழ்ந்தது. மொத்தப் பேரும் டீக்கடைக்குள் மல்லாக்க விழுந்தோம்.

அண்ணன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். ஒரு அம்பை எடுத்து வடத்தில் ஒட்டினார். இன்னொன்றைத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

நெஞ்சில் ஒட்டிய அம்பைப் பிய்க்காமலே மங்கலத்துக்குப் பஸ் ஏறினார். தறிக்காரர் ஒருவர், பனியன்காரருக்குத் தன்னிடம் என்ன வேலை என்று நக்கலாகக் கேட்டிருக்கிறார்.

"இளுத்தா நீளாத துணி வேணுங்க" என்றாராம் அண்ணன்.

வாழ்நாளில் அவர் பணிந்து சொன்ன வாக்கியம் அது ஒன்றாகத்தான் இருக்கும். தறித் துணியின் ஓரக் கரைகளை முறுக்கிய வடத்தை டெம்போவில் ஏற்றி, மேலே உட்கார்ந்து வந்தார். அடுத்த ஞாயிறு அந்தத் தறிக்காரரும் ஆட்களோடு வந்துவிட்டார். எங்கள் கயிறு தோற்ற இடத்தில் தங்கள் கயிறு ஜெயிப்பதைப் பார்க்க வேண்டுமாம். ஜெயித்தது. செடித்திட்டு பாய் சுருட்டுகிற மாதிரி கரைக்கு வந்தது. அன்றைக்குக் கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

பிறகு ஞாயிறுதோறும் குளம்தான். எங்கள் கம்பெனி பீகார் பையன்களும் இறங்கினார்கள். தமிழில் அவர்கள் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை 'ஆல்ட்டர்'; அது தமிழில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. முடிந்தது என்று நாங்கள் கை கழுவும்போதெல்லாம் அண்ணன் லாரி டியூபில் மிதந்து போய், எங்காவது ஒரு இலையைக் கண்டுபிடித்துவிடுவார். "ஒரு துண்டு கெடந்தாப் போதும் கண்ணு, மறுக்கா கொளத்தையே மூடிப்போடும்" என்பார். திட்டிக்கொண்டே மறுபடி இறங்குவோம். அவர் சொன்னது சரிதான் என்பது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க மழை கொட்டியது. விடிந்ததும் கரைக்கு ஓடினோம். தண்ணீர் கலிங்கு வழியாகச் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. குளத்தில் வானம் தெரிந்தது. நாங்கள் இழுத்த குளம் அது, எங்கள் கையால் இழுத்த குளம். எனக்குக் கர்வமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அண்ணன் மட்டும் குளத்தைப் பார்க்காமல் லைன் வீடுகளுக்குப் போனார். ஒவ்வொரு வாசற்படிக்கு உள்ளேயும் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கடைசியாகச் செல்வராணி அக்கா வீடு. தரை காய்ந்திருந்தது, தொட்டிலில் குழந்தை தூங்கியது.

"என்னண்ணே, ஆல்ட்டரா?" என்றார் அக்கா.

அண்ணன் ஸ்டிக்கரை வெளியே எடுத்தார். சுவர், தரை, தொட்டில் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். ஷீட்டை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். "வேலைக்கு நேரமாச்சுங்க அம்மிணி, கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார். அக்கா ஊருக்குப் போகவில்லை.

அந்த வேலையை விட்டு வரும்போது நானும் ஒரு ஷீட் அம்பு ஸ்டிக்கர் எடுத்து வந்தேன். இதை எழுதும்போதும் பக்கத்தில் இருக்கிறது. அந்த மனுஷனுடைய வாய்த்துடுக்கு, பிடிவாதம், மாப்பிள்ளை தோளில் ஒட்டியது, என் கழுத்தைப் பற்றிச் சொன்னது என்று பார்த்தால் அவர் ஒருத்தருக்கே இந்த ஷீட் போதாது. ஒன்றை உரித்துக் கையில் வைத்திருக்கிறேன். ஒட்டத்தான் மனசு வரவில்லை.