ஒரு குளியலறையும் ஒன்பது பேரும்

அன்பும் அறிவும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் இங்கே இருப்பதுதான் சிக்கல்.

ஜனத்தொகைப் பெருக்கம் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டத்துக்குப் புறப்பட்ட அன்று, "ஒரு வாரம்தான் மாமா" என்று என் மகளையும் நான்கு குழந்தைகளையும் இங்கே இறக்கிவிட்டுப் போனீர்கள். கூடவே, அறிக்கை எழுத அமைதியான இடம் வேண்டுமென்று உங்கள் பொருளாதார நண்பர்கள் இருவரையும். இது ஆறாவது வாரம். எங்கள் இருவரையும் சேர்த்து ஆள் ஒன்பது, குளியலறை ஒன்று.

ஆள் பெருகினால் அவரவர் பங்கு சுருங்கும், கடைசியில் தொட்டியில் தண்ணீரே இருக்காது என்கிறார் உங்கள் நண்பர்களில் தாடிக்காரர். இதை அவர் சொல்வது முக்கால் மணி நேரம் குளித்துவிட்டு வந்து. மற்றவர், கண்ணாடிக்காரர், விடுவாரா? "ஆள் கூடினா மூளையும் கூடும் சார். நெருக்கடி வந்தா யாராவது புதுசா ஒரு வழி கண்டுபிடிப்பாங்க" என்றார். கண்டுபிடித்தான், உங்கள் மூன்றாவது பிள்ளை. குழாயின் திருகைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தலைக்கு சோப்பு போட்ட பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது. கதவைத் துளி திறந்து கூப்பிட்டா, "கதை சொன்னாத்தான் தருவேன் தாத்தா"ங்கறான். கண்ணு எரியுது, நான் கதவிடுக்குல நின்னு சிங்கம் கதை சொல்றேன், கண்ணாடிக்காரர் சந்தோஷமா குறிப்பெடுக்கிறார்.

போன்ல உங்ககிட்ட முறையிட்டா, "எண்ணிக்கை பெரிசில்ல மாமா, நிர்வாகம்தான் முக்கியம்"னு சொல்லி வச்சிட்டீங்க. உடனே நண்பர்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து பட்டியல் போட்டாங்க. வேலை செய்யற வயசுக்காரங்க முதல்ல, நாளைக்கு வேலை செய்யப்போற குழந்தைங்க அடுத்து, ஓய்வு பெற்றவர் கடைசி. அந்தக் கடைசி வகைக்குப் பேரு 'சார்ந்திருப்போர்'. நான் கட்டின வீட்ல நான் யாரைச் சார்ந்திருக்கேன்? என் முறை வரும்போது தொட்டி காலி. மூணு நாளா குளிக்கலை மாப்பிள்ளை. சொல்லவே வெட்கமா இருக்கு.

ஆகவே இக்கடிதம் கண்டதும் வந்து, நீங்கள் விட்டுப்போன ஏழு பேரையும் அழைத்துப் போகவும்.

பிள்ளைச்செல்வம் இருப்பதே போதும். மற்ற செல்வங்கள் பெருகி நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: கடிதத்தை உங்கள் மாமியார் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துவிட்டாள். ஏழு பேரை அனுப்புவதைவிட ஒருத்தரை அனுப்புவது சுலபம் என்றாள். ஆறு வாரமாக எதிலும் ஒத்துப்போகாத நிபுணர்கள் இருவரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். எனவே நீங்கள் வர வேண்டாம். வியாழக்கிழமை காலை ரயிலில் நான் அங்கே வருகிறேன். ஆறு மணிக்குள் நீங்கள் குளித்து முடித்துவிடவும்.